பல் ஏன் விழுகிறது?

1970-ல் இலங்கை மலையகத்தின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் ஒரு நீண்ட ஆய்வு தொடங்கியது. 14 வயது முதல் 31 வயது வரையுள்ள 480 ஆண் தொழிலாளர்களின் பற்களையும் ஈறுகளையும் பல் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் அளந்து குறித்துக்கொண்டார்கள். தொழிலாளர்கள் தமிழர்கள். பிரஷ் பிடித்துப் பல் துலக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. நோய்த் தடுப்போ, பல் சிகிச்சையோ அவர்களை எட்டியதே இல்லை.

ஆய்வை நடத்தியவர் நார்வே நாட்டுக்காரரான ஹரால்ட் லோ. ஒருவருடைய வாய்க்கு எந்தப் பராமரிப்பும் கிடைக்காவிட்டால் நாற்பது, நாற்பத்தைந்து வயதில் அது என்ன நிலைக்கு வரும் என்பதே அவருடைய கேள்வி. 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் குழு மறுபடி மறுபடி தோட்டங்களுக்குப் போனது. அளந்தவர்கள் இரண்டே பேர். பதினைந்து ஆண்டுகளும் அதே இருவர்தான் அளந்தார்கள். ஆளுக்கு ஆள் அளவு மாறிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. முதல் பரிசோதனைக்கு வந்தவர்களில் 161 பேர் கடைசிப் பரிசோதனையிலும் இருந்தார்கள்.

கிடைத்த முடிவுகளில் முதலாவது இது. இந்தத் தொழிலாளர்களிடம் சொத்தைப் பல் அநேகமாக இல்லவே இல்லை. ஆனாலும் பற்கள் விழுந்தன. சொத்தை இல்லாததால், விழுந்த பற்கள் அநேகமாக எல்லாமே ஈறு நோயால் விழுந்தவை என்று சொல்ல முடிந்தது.

இரண்டாவது முடிவு இன்னும் முக்கியமானது. எல்லாருடைய பல்லிலும் அழுக்குப் படலமும், அது இறுகிய காரையும் ஒரே மாதிரி அப்பியிருந்தன. எல்லாருடைய ஈறும் வீங்கிச் சிவந்திருந்தது. ஆனால் சேதம் எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக முற்றியது. 20 வயதிலேயே பற்கள் விழத் தொடங்கின. 35 வயதில் 12 பற்கள் போயிருந்தன. 40-ல் 20 பற்கள். 45-ல் வாயில் ஒரு பல்லும் இல்லை. 81 சதவீதம் பேருக்கு நோய் மெதுவாக நகர்ந்தது. முப்பதுக்கு மேல்தான் இழப்பு தொடங்கி, 45 வயதில் சராசரியாக 7 பற்கள் போயின. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை. பல் துலக்காமலேயே அவர்கள் தப்பினார்கள்.

இந்த எண்களை உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். ஈறு நோயைப் பற்றிய பாடங்களில் இந்த ஆய்வு அடிக்கடி இடம்பெறுகிறது. பாடப்புத்தக அட்டவணையில் ஒரு கோடாக இருப்பவர், நாற்பத்தைந்து வயதில் சோற்றை மெல்லப் பல் இல்லாமல் போன ஒரு தோட்டத் தொழிலாளி. அவர் இழந்ததைக் கொண்டுதான் அறிவியல் கற்றது. கற்றதை நம் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுசேர்ப்பது அந்த மனிதர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன்.

வயதா, அழுக்கா?

"வயசானா பல் விழத்தானே செய்யும்" என்று சொல்லாத வீடு இல்லை. லோ இதையும் சோதித்தார். தோட்டங்களுக்குப் போவதற்கு ஓர் ஆண்டு முன்பே, 1969-ல், நார்வேயின் ஆஸ்லோ நகரில் 565 ஆண்களை இதேபோல் அளக்கத் தொடங்கியிருந்தார். அவர்கள் மாணவர்களும் கல்வித் துறையினரும். பள்ளி நாளிலிருந்தே பல் மருத்துவச் சேவை கிடைத்து வளர்ந்தவர்கள்.

பல்லை எலும்போடு பிணைத்திருக்கும் திசுக்களின் பிடிமானம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதுதான் ஈறு நோயின் அளவுகோல். நாற்பது வயதை நெருங்கும்போது ஆஸ்லோக்காரர்களுக்கு அந்தப் பிடிமானம் சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக இறங்கியிருந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு நாலரை மில்லிமீட்டர். இரு பக்கமும் அதே வயது. வேகமாக முற்றிய அந்த 8 சதவீதம் பேருக்கு 45 வயதில் இறக்கம் 13 மில்லிமீட்டரைத் தொட்டது. பல பற்களின் வேரே ஏறக்குறைய அவ்வளவு நீளம்தான். பிடித்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லாத பல் விழுந்தது.

ஆகவே பல் விழுவதற்குக் காரணம் பிறந்தநாட்களின் எண்ணிக்கை அல்ல. ஆண்டுக்கணக்கில் அகற்றப்படாத படலமும், அதை எதிர்த்து உடல் நடத்தும் போரும் சேர்ந்துதான் எலும்பைக் கரைக்கின்றன.

அந்தப் படலம் எப்படி உருவாகிறது? பல்லைச் சுத்தமாகத் துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரில் உள்ள புரதங்கள் பல்லின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. முதலில் வருபவை பெரும்பாலும் தீங்கற்றவை. அகற்றாமல் விட்டால் அடுக்கின் மேல் அடுக்காக மற்றவை சேர்கின்றன. படலம் தடிக்கத் தடிக்க அதன் அடியில் காற்றுப் புகாது. ஈறின் விளிம்புக்குக் கீழே, ஆக்சிஜன் தேவைப்படாத இனங்கள் பெருகுகின்றன. 1683-ல் நெதர்லாந்தின் லேவன்ஹூக் தன் பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய மாவு போன்ற வெண்பொருளை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோது நெளிந்து ஓடியவை இந்தப் பாக்டீரியாக்கள்தான். தினமும் உப்பால் பல் தேய்ப்பவர் அவர். அப்படியும் அவை அங்கே இருந்தன.

வாய் கொப்பளித்தால் இந்தப் படலம் போகாது. தேய்த்தால்தான் போகும்.

ரத்தம் சொல்லும் சேதி

தேயிலைத் தோட்டத்துக்குப் போவதற்கு முன்பே, 1965-ல், லோ டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஓர் எளிய சோதனை செய்தார். ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேர் அதில் கலந்துகொண்டார்கள். பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். அவர்களிடம் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. பிறகு மறுபடி துலக்கச் சொன்னார். ஒரு வாரத்துக்குள் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. மருந்து கொடுக்கவில்லை. படலத்தை நீக்கியது ஒன்றே சிகிச்சை.

இந்தச் சோதனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சேதி இருக்கிறது. பல் துலக்கும்போது எச்சிலில் ரத்தம் தெரிந்தால் நம்மில் பெரும்பாலோர் என்ன செய்கிறோம்? அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைத் தேய்க்கிறோம். "அழுத்தித் தேய்ச்சிட்டேன் போல" என்று நினைத்து, இரண்டு நாள் விரலால் மட்டும் தேய்க்கிறோம். செய்ய வேண்டியது நேர்மாறானது. பெரும்பாலும் அங்கே படலம் தங்கியதால்தான் ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது. அந்த இடத்தைத்தான் மென்மையாக, ஆனால் விடாமல் சுத்தம் செய்ய வேண்டும்.

ஈறு வீக்கம் என்ற இந்தக் கட்டத்தில் நோயை முழுக்கத் திருப்பிவிடலாம். எலும்பு கரையத் தொடங்கிய பிறகு நோயை நிறுத்தலாம். இழந்த எலும்பைப் பழையபடி வளர்த்துவிட முடிவது அரிது. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்குத்தான் பல் மருத்துவரின் கையில் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அதை மெல்ல இறக்கி, ஒரு பல்லைச் சுற்றி ஆறு இடங்களில் ஆழம் பார்ப்பார். இரண்டு, மூன்று, இரண்டு என்று போனால் கவலை இல்லை. திடீரென ஓர் இடத்தில் ஐந்து, ஆறு என்று கம்பி இறங்கினால் அங்கே ஈறு பல்லை விட்டு விலகிப் பை போலாகிவிட்டது என்று பொருள். அந்த ஆழத்துக்கு எந்த பிரஷும் எட்டாது.

அகற்றாத படலத்தில் உமிழ்நீரின் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து இறுகினால் அதுதான் காரை. கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம் நாக்கை வைத்துப் பார்த்தால் பலருக்கு அது சொரசொரப்பாகத் தட்டுப்படும். இறுகிய காரையை வீட்டில் நீக்க வழியில்லை. 'கிளீனிங்' என்று மக்கள் சொல்லும் ஸ்கேலிங்தான் ஒரே வழி. ஆனால் "கிளீன் பண்ணினா பல் ஆட ஆரம்பிச்சிடும்" என்ற பயம் தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சுவரில் ஏறிய கறையான் புற்றை இடித்தால் அரித்துப்போன இடம் கண்ணில் படும். புற்றை இடித்ததால் சுவர் அரிக்கப்படவில்லை. காரை விஷயமும் அதுதான். எலும்பு கரைந்த இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் சந்து தெரிகிறது, சில நாள் கூசுகிறது. ஆட்டத்துக்குக் காரணமான சேதம் முன்பே நடந்து முடிந்தது. காரையை விட்டுவைத்தால் சேதம் தொடரும்.

பல் துலக்காமலேயே தப்பிய 11 சதவீதத்தை வைத்து, "எங்க தாத்தா பிரஷே தொட்டதில்லை, தொண்ணூறு வயசுலயும் கரும்பு கடிச்சாரு" என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யல்ல. பாக்டீரியாவுக்கு உடல் எப்படி எதிர்வினை செய்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆனால் பேரன் எந்தக் கூட்டத்தில் பிறந்திருக்கிறான் என்று இருபது வயதில் யாராலும் சொல்ல முடியாது.

சில காரணங்கள் ஒருவரை ஆபத்தான பக்கம் தள்ளும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். புகைபிடிப்பது முதலாவது. புகைபிடிப்பவரின் ஈறு நோய் முற்றினாலும் அதிகம் ரத்தம் கசியாது. எச்சரிக்கை மணி அடிக்காமலேயே எலும்பு போய்விடும். சர்க்கரை நோய் இரண்டாவது. ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று 1993-ல் எழுதியவரும் இதே லோதான். இந்த உறவு இருவழிப் பாதை. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை அளித்தால் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஏறக்குறைய 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது என்பதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் கண்ணையும் காலையும் பரிசோதித்துக்கொள்வதுபோல் ஈறையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

சொத்தையின் கணக்கு வேறு

ஈறு நோய்க்கு இருப்பதுபோலவே சொத்தைக்கும் படலம்தான் களம். ஆனால் சொத்தைக்குச் சர்க்கரையும் வேண்டும். படலத்தில் உள்ள சில பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலம் கக்குகின்றன. இதை 1890-லேயே விளக்கமாக எழுதியவர் பெர்லினில் பணிபுரிந்த அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர். 1940-களில் ராபர்ட் ஸ்டெஃபான், நுண்ணிய மின்முனைகளைப் படலத்திலேயே வைத்து அமிலத்தை அளந்தார். இனிப்பு நீரால் வாய் கொப்பளித்த சில நிமிடங்களில் பிஎச் அளவு சரிந்தது, அதாவது அமிலம் கூடியது. 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேலுறையான எனாமலின் தாதுக்கள் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அமிலத்தைக் கழுவி அளவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கிறது.

இப்போது ஒரு சாதாரண நாளைக் கணக்குப் பார்க்கலாம். எழுந்ததும் சர்க்கரை போட்ட காபி. பதினோரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும். மாலையில் மறுபடி டீ. நடுநடுவே ஒரு மிட்டாய், ஒரு குளிர்பானம். ஒவ்வொன்றும் ஒரு தனி அமிலத் தாக்குதல். அதே சர்க்கரையைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால் தாக்குதல்களின் எண்ணிக்கை குறைகிறது. எத்தனை கரண்டி என்பதோடு, எத்தனை தடவை என்பதும் முக்கியம்.

இதை உலகுக்குக் காட்டியது ஸ்வீடனின் வீபெஹோல்ம் மருத்துவமனை ஆய்வு. 1940-களில் அங்கே மனவளர்ச்சி குன்றிய உள்நோயாளிகளுக்கு, அவர்களுடைய உண்மையான ஒப்புதல் இல்லாமலேயே, ஒட்டும் மிட்டாய்களைத் தொடர்ந்து கொடுத்துச் சொத்தை வரவைத்தார்கள். 1954-ல் முடிவுகள் வெளியாயின. உணவு வேளைகளுக்கு நடுவே ஒட்டும் இனிப்பைத் தின்பதே மிக மோசம் என்று தெளிவானது. செய்தது பெரும் அநீதி. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது.

எனாமல் உடலிலேயே கடினமான பொருள். ஆனால் அதில் உயிரணுக்கள் இல்லை, தானாக வளராது. ஒரே ஆறுதல், குழி விழுவதற்கு முன்பு வெண்புள்ளியாக இருக்கும் கட்டத்தில் உமிழ்நீரின் தாதுக்களை அது திரும்ப வாங்கிக்கொள்ளும். அந்த வேலையைத் துரிதப்படுத்துவது ஃபுளோரைடு. 1945 ஜனவரியில் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் ஃபுளோரைடைச் சேர்த்தது. அங்கே வளர்ந்த குழந்தைகளின் சொத்தை பாதிக்கு மேல் குறைந்தது.

ஆனால் நம் ஊர் நிலைமை வேறு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருக்கிறது. பல் உருவாகும் வயதில் அந்த நீரைக் குடித்த குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை நிரந்தரமாகப் படிந்தது, எலும்புகளும் பாதிக்கப்பட்டன. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் பிறந்ததே இதற்காகத்தான். எனவே ஃபுளோரைடு குடிக்கும் தண்ணீரில் அளவோடு இருக்க வேண்டும். பல்லின் மேல் தேய்க்கும் பேஸ்ட்டில் இருப்பது நல்லது. தேய்த்துத் துப்புவதால் உடலுக்குள் போவது மிகக் குறைவு. குழந்தைகளுக்கு மட்டும் அளவு பார்க்க வேண்டும். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு போதும். கறை படியும் பகுதியில் வாழும் குடும்பங்கள் பல் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு முடிவெடுப்பது நல்லது.

முப்பது ஆண்டுப் பராமரிப்பு

பராமரிப்பே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தோட்டங்கள் காட்டின. பராமரிப்பு முழுமையாக இருந்தால் என்ன ஆகும் என்பதை ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரம் காட்டியது. 1971–72-ல் பேர் ஆக்செல்சன், யான் லிந்தே இருவரும் அங்கே 375 பெரியவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தன் வாயில் எங்கே படலம் தங்குகிறது என்று கண்டுபிடிக்கவும், அதை நீக்கவும் ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுத்தார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் வரவழைத்துப் பற்களைச் சுத்தம் செய்தார்கள். தொடக்கத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. பிறகு அவரவர் தேவைக்கேற்ப மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை.

ஒப்பிடுவதற்காக வைத்திருந்த 180 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தது. ஆறு ஆண்டுகளில் அவர்களுக்குப் புதுச் சொத்தைகளும் ஈறுச் சேதமும் பெருகின. அத்தோடு அந்தப் பிரிவு முடித்துக்கொள்ளப்பட்டது. பராமரிப்புப் பிரிவில் 257 பேர் முப்பது ஆண்டுகள் நிலைத்தார்கள். 2004-ல் வெளியான முடிவில் அவர்கள் இழந்த பற்கள், வயதுப் பிரிவைப் பொறுத்து, ஆளுக்குச் சராசரியாக 0.4 முதல் 1.8 வரைதான். அதிலும் பெரும்பான்மை வேர் உடைந்ததால் போனவை. தொடக்கத்திலேயே ஐம்பதைத் தாண்டியிருந்தவர்கள் எண்பதைத் தாண்டியபோதும் சொந்தப் பல்லால் மென்றார்கள்.

கார்ல்ஸ்டாட்டில் நடந்ததில் ஒரு பகுதி அவரவர் வீட்டில் நடந்தது. அதை இங்கேயும் செய்யலாம். மிருதுவான நார் கொண்ட பிரஷ் வேண்டும். நார் விரிந்துவிட்டால், இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மாற்ற வேண்டும். பலரும் பல்லின் நடுப்பகுதியைக் குறுக்கே அரக்கித் தேய்க்கிறார்கள். படலம் தங்குவது ஈறின் விளிம்பில். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ் சொன்ன முறை இதற்குப் பொருத்தம்: நார்களின் நுனி பல்லும் ஈறும் சேரும் கோட்டைச் சாய்வாகத் தொட வேண்டும். அந்த இடத்திலேயே சின்னச் சின்ன அசைவுகள் கொடுத்து, அடுத்த இரண்டு பற்களுக்கு நகர வேண்டும். வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பக்கம் எல்லாம் முடிய இரண்டு நிமிடம் ஆகும்.

இரண்டு பற்கள் ஒட்டும் இடத்துக்கு பிரஷ் போகாது. அங்கே பல்லிடுக்கு நூலோ, சந்து பெரிதாக இருந்தால் குட்டி பிரஷோ வேண்டும். குண்டூசி, தீக்குச்சி வேண்டாம். அவை ஈறைக் கிழிக்கும். செங்கல் தூளும் கரித்தூளும் பல்லைத் தேய்த்துவிடும். வேப்பங்குச்சியை நன்கு மென்று நாராக்கித் தேய்த்தால் முன்பற்களின் வெளிப்பக்கம் சுத்தமாகும். கடைவாயின் உள்பக்கத்துக்கும் இடுக்குகளுக்கும் அது எட்டாது. புகையிலை சேர்த்த பற்பொடியும் பேஸ்ட்டும் இந்தியாவில் 1992-லேயே தடைசெய்யப்பட்டவை. யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

இரவுத் துலக்கலை விட்டுவிடாதீர்கள். உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைகிறது. பகலில் அமிலத்தைக் கழுவும் பாதுகாப்பு அப்போது இல்லை. குழந்தையை வாயில் பால் புட்டியோடு தூங்கவைப்பது முன்பற்களைச் சொத்தையாக்குவதும் இதே காரணத்தால்தான்.

இன்று இரவு துலக்கிய பிறகு எச்சிலைக் கவனித்துப் பாருங்கள். ரத்தம் தெரிந்தால் அந்த இடத்தை இரண்டு வாரம் அக்கறையோடு, மென்மையாகச் சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கோ, பல் மருத்துவக் கல்லூரிக்கோ, அருகில் உள்ள பல் மருத்துவரிடமோ போய் ஈறின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஈறு நோய் பெரும்பாலும் வலியே இல்லாமல்தான் எலும்பைக் கரைக்கிறது.